குளக்கரைப் புகைப்பட வகுப்பும் என் இடது கண்ணும்



வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நம் சூலூர் பெரிய குளத்தில் ஒரு புகைப்பட வகுப்பு நடக்கிறது. ஆறு பேருக்கு மட்டும்தான் இடம். அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. காலை ஆறே காலுக்குக் கரையில் கூட வேண்டும், ஒன்பது மணிவரை பறவைகளைப் படம் எடுக்க வேண்டும், பிறகு பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடுத்ததையெல்லாம் பார்த்துப் பேச வேண்டும். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்ன நாளிலிருந்து போன் ஓயவில்லை. "66 வயசுல இதெல்லாம் எதுக்குங்க்கா? முழங்காலு வேற வலிக்குதுங்கறீங்க" என்று பல்லடத்துத் தங்கச்சி. "சூப்பர் டீச்சர்" என்று மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என்னிடம் படித்தவர்களுக்கு அது புதிதல்ல.

வகுப்பு எடுப்பவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது அவன் தொழில், முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் குளம் குளமாகச் சுற்றுவான். பணம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றான். மற்ற ஐந்து பேரும் கொடுக்கிற 1,200 ரூபாயை நானும் கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்லி ஜிபே செய்துவிட்டேன். பணம் கொடுத்தால்தான் தைரியமாகக் கேள்வி கேட்க முடியும்.

நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி கேமராவைப் பற்றியதல்ல. "கண்ணு, கரையில மூணு மணி நேரம்னா பொம்பளைங்களுக்கு பாத்ரூம் வசதி என்ன?" என்றேன். ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, "அதுக்குத்தானுங் டீச்சர் அந்தத் திண்ணை வீடு, அது எங்க சித்தி வீடுங்" என்றான். வெளியிடத்தில் எந்த வகுப்பு வைத்தாலும் அறிவிப்பில் முதல் வரியாக வரவேண்டிய செய்தி இது. பெண்கள் பாதிப் பேர் எதற்கும் வராமல் இருப்பதற்குக் காரணம் ஆர்வம் இல்லாதது அல்ல.

கேமரா என் மகனுடையது. பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது பீரோவில் விட்டுப்போன நிக்கான் டி5300. அதனோடு ஒரு 70-300 லென்ஸ். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ எடை. கழுத்தில் மாட்டினால் பத்து நிமிடத்தில் பிடரி இழுக்கிறது, அதனால் பட்டையைத் தோளுக்குக் குறுக்கே போட்டுக்கொள்கிறேன். முக்காலி தூக்க என்னால் ஆகாது. வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, ஒன்றரைக் கிலோ கொள்ளு நிரப்பி ஒரு மூட்டை செய்திருக்கிறேன். குளக்கரைச் சுவரிலோ ஸ்டூலிலோ அதை வைத்து அதன்மேல் லென்ஸைப் பதித்தால் ஆடாது. "குதிரைக்கு வைக்கறதக் கொண்டுபோயி கேமராவுக்கு வைக்கறயே" என்கிறார். சிரிக்கட்டும்.

இதற்கு நடுவில் கண் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவே பாதி அதற்காகத்தான்.

ஐப்பசியில் வலது கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்டேன் என்று பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் செய்கிற பரிசோதனையில்தான் இடது கண்ணில் கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய், இருப்பது தெரிந்தது. கண்ணுக்குள் சுரக்கிற நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை மெல்ல மெல்ல அரிக்கிற நோய். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. போன பார்வை மருந்திலும் திரும்பாது, அறுவையிலும் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு சொட்டு, ஆயுள் முழுக்க. இதைக் கேட்டதும் மகன் முகம் வாடிப்போனது. நான் டாக்டரிடம், "பிடிச்ச மட்டும் போதுங்களா, இல்ல இன்னும் போகுமுங்களா?" என்று கேட்டேன். மருந்தை ஒரு நாளும் விடாமல் போட்டு, சொன்ன தேதிக்கு வந்து காட்டினால் பெரும்பாலும் நிறுத்திவைக்கலாம் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான் இப்போது இருக்கிறேன். கேமராவை இந்தத் தையில் எடுத்தேனே தவிர அடுத்த தைக்கு என்று தள்ளிப்போடாததற்கு அதுதான் காரணம். தங்கச்சி கேட்ட 'எதுக்கு'க்கு இதுதான் பதில்.

வலது கண்ணில் புரை எடுத்த பிறகு நடந்த அதிசயம் ஒன்று. வலது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் மல்லிகைப் பூ வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் அதே பூ வெண்ணெய் நிறம். இடது கண்ணில் இன்னும் புரை இருக்கிறது, மாசியில்தான் எடுப்பார்கள். புரை என்பது வெறும் மங்கல் இல்லை, மஞ்சள் கண்ணாடி மாட்டினாற்போல நீலத்தைத் தின்றுவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதால் நமக்குத் தெரிவதே இல்லை. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே, அல்லிக்குளமாக வரைந்து தள்ளினாரே அவர், அவருக்கும் இரண்டு கண்ணிலும் புரை. 1923இல் வலது கண்ணில் அறுவை செய்துகொண்டார். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அவர் வரைந்தவற்றில் சிவப்பும் பழுப்பும் தூக்கலாக இருக்கும். அறுவைக்குப் பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று தொல்லைப்பட்டார். எனக்கு நீலம் ஒன்றும் தொல்லை தரவில்லை. பொங்கலன்று குளத்தில் நீலத் தாழைக்கோழியைப் பார்த்தேன். கோழி அளவுப் பறவை, சிவந்த மூக்கு, ஆகாயத் தாமரை இலைமேல் நெட்டைக் கால் வைத்து நடக்கும். இத்தனை வருஷமாக அதை ஏதோ கருநிறக் கோழி என்றே நினைத்திருந்தேன். வெயில் பட்டபோது நீலமும் ஊதாவும் பச்சையுமாக மின்னியது. அதைத்தான் படம் எடுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பொங்கலன்று போனது பறவைக் கணக்கெடுப்புக்கு. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்டு என்ற தளத்தில் பதியலாம். மாணவன் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தில் இதுவும் ஒன்று: "படம் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கேமரா இல்லாம உக்காருங்க டீச்சர். எது எங்க உக்காருது, எந்தப் பக்கம் பறக்குதுன்னு எழுதுங்க." உட்கார்ந்து எழுதினேன். கூழைக்கடா, முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், நெடுங்கால் உள்ளான். மீன்கொத்தி மட்டும் ஒரே கருவேலங்கொம்பில் மூன்று தடவை வந்து உட்கார்ந்தது. மடையானைக் கணக்கில் எழுதும்போது சிரிப்பு வந்தது. அதற்கு ஊர்ப்பெயர் குருட்டுக் கொக்கு. காலடிக்கு அருகே போகும்வரை அசையாமல் நிற்பதால் கண் தெரியாது என்று எவரோ வைத்த பெயர். அதற்கா கண் தெரியாது? மீன் வரும்வரை அசையக் கூடாது என்று நிற்கிறது.

அன்று கரையில் இரண்டு பையன்கள் கூழைக்கடாக் கூட்டம் பறந்தால் வீடியோ நன்றாக வரும் என்று கல் எடுத்தார்கள். 36 வருஷம் வகுப்பறையில் பழகிய குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. கல்லைக் கீழே போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழுவிலும் அதே விதிதான் என்று மாணவன் எழுதி அனுப்பியிருக்கிறான்: பறவையைக் கிளப்பக் கூடாது, கூட்டுக்கு அருகே போகக் கூடாது, போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கக் கூடாது. இன்னொரு விதி நம்மூருக்கே உரியது. தேஜஸ் விமானம் தலைக்குமேல் இரைந்துகொண்டு போனாலும் கேமராவை அந்தப் பக்கம் தூக்கக் கூடாது. விமானப்படைத் தளம் இருக்கிற ஊரில் லென்ஸ் எந்தத் திசையில் நீள்கிறது என்பதில் கவனம் வேண்டும், பிறகு பறவை பார்க்க வந்தேன் என்று சொன்னால் எவரும் நம்ப மாட்டார்கள்.

இனி பாடம். கேமரா வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், மற்றவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

கை ஆடினாலும் படம் ஆடாமலிருக்க ஷட்டர் வேகம் எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லென்ஸ் 300 மில்லிமீட்டர். இந்தக் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும், 450. ஆகவே நொடியில் 450இல் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கக் கூடாது. அதற்கு அடுத்து கேமராவில் இருப்பது 500. இது உட்கார்ந்திருக்கும் பறவைக்கு. பறக்கும் பறவைக்கு 1,600 வரை போகச் சொல்கிறான். தை மாதத்தில் நம்மூரில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்னால்தான் தலைகாட்டும், ஆகவே முதல் அரை மணி நேரம் அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாது. அப்போது ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும், படத்தில் கொஞ்சம் பொரிபொரியாக வரும், வந்தால் வரட்டும். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் நம் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும்.

அடுத்து வெள்ளைக் கொக்கு. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று எண்ணி அளக்கிறது. கறுத்த தண்ணீர் நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிப்போகும், இறகு ஒன்றுகூடத் தெரியாது. கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி, ஒரு படி குறைக்க வேண்டும். வெளிச்சமான வானத்தின்முன் உட்கார்ந்த நீர்க்காகத்துக்கு நேர்மாறாக, கூட்ட வேண்டும். பாதி வகுப்பு இந்த ஒரு பொத்தானில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு அந்தப் பொத்தானே தெரிவதில்லை என்பதுதான் சங்கடம். வலது கண்ணில் வைத்திருக்கிற லென்ஸ் தூரப்பார்வைக்கானது. குளத்தின் அக்கரை தெரிகிறது, கையில் இருக்கிற பொத்தான் தெரியவில்லை. படிக்கிற கண்ணாடி போட்டால் பொத்தான் தெரிகிறது, அக்கரை போய்விடுகிறது. ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அந்தப் பொத்தான்மேல் ஒட்டிவிட்டேன். விரல் தடவினாலே தெரிகிறது. வேறொன்றும் கற்றுக்கொண்டேன். கண் வைத்துப் பார்க்கிற சாளரத்தின் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் அவரவர் பவருக்கு ஏற்ப அதைத் திருப்பி வைக்கலாம். வெளியே இருக்கிற காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது, சாளரத்துக்குள் தெரிகிற எண்களைப் பார்த்து, அவை கூர்மையாகும்வரை திருப்ப வேண்டும். கேமரா மங்கலாகத் தெரிகிறது என்று மூலையில் போட்டுவைத்திருக்கிற என் வயதுக்காரர்கள் இதை முதலில் செய்து பாருங்கள்.

மொட்டை மாடியில் பத்து நாளாகப் பயிற்சி. காகம், தவிட்டுக்குருவி, தினமும் எட்டு மணிக்கு வட்டமிடுகிற செம்பருந்து. வலது கண் சாளரத்தில் இருக்கும்போது இடது கண்ணையும் திறந்தே வைத்திருக்கச் சொன்னான் மாணவன். அப்போதுதான் அடுத்த பறவை எங்கிருந்து வருகிறது என்று தெரியுமாம். நானும் திறந்து வைத்தேன். இடது பக்கத்திலிருந்து வருகிற காகமெல்லாம் எனக்குத் தெரிந்தது. செம்பருந்து மட்டும் ஒவ்வொரு தடவையும் திடுமென்று நடுவானத்தில் முளைத்தது. எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தேன். அது எப்போதும் வலது மேல் பக்கத்திலிருந்து வருகிறது.

மருத்துவமனையில் பார்வைப் பரப்பு சோதனை என்று ஒன்று செய்வார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, அங்கங்கே மினுக்குகிற வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். முடிவில் ஒரு படம் அச்சாகி வரும். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். என் இடது கண்ணுக்கான வட்டத்தில் மூக்கை ஒட்டிய பக்கம், மேல்பாதியில், கறுப்புத் திட்டு. அதாவது வலது மேல் மூலை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண்ணில் இல்லாததை வலது கண் நிரப்பிவிடுகிறது, அதனால் ஒரு குறையும் தெரியாது. வலது கண்ணைச் சாளரத்துக்குள் வைத்த பிறகுதான் இடது கண் தனியாக மாட்டிக்கொண்டது. கறுப்பாகத் தெரியும் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. அங்கே வானம் இருப்பது போலவே இருக்கிறது, பருந்துதான் இல்லை.

அன்று மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொன்னபோது வராத பயம் அப்போது வந்தது. நம் அப்பாரு நினைவுக்கு வந்தார். கடைசிக் காலத்தில் நிலவுக்காலில் இடித்துக்கொள்வார், எதிரே வருகிறவரை மோதுகிறவரைக்கும் பார்க்க மாட்டார். "வயசாச்சு, கண்ணு மங்கிப்போச்சு" என்று எல்லோரும் சொன்னோம். அவர் கண்ணை எந்த டாக்டரும் பார்த்ததில்லை. அவருக்கு இருந்தது இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோய் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருவதற்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது உறுதி.

ஆகவே பல்லடத்துத் தங்கச்சி, திருப்பூர்த் தம்பி, நீங்கள் இருவரும் இந்த மாதமே போய்க் காட்டுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்வது இதற்குப் போதாது. என்னால் கடைசி வரி வரைக்கும் படிக்க முடிந்தது. கண் டாக்டரிடம் போய், கண் அழுத்தம், பார்வை நரம்பு, தேவைப்பட்டால் அந்தக் கிண்ணச் சோதனை, மூன்றையும் கேளுங்கள். அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருப்பது இயல்பு. ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, அதனால் எண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். மாணவர்களே, உங்களில் முதல் செட்டுக்காரர்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாற்பது தாண்டிய எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். இன்னொன்று: கண் உறுத்துகிறது, சிவந்திருக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மாணவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் பரிதாபப்படவில்லை, அது எனக்குப் பிடித்தது. "அப்ப நீங்க வரிசையில இடது ஓரமா உக்காருங் டீச்சர். உங்களுக்கு வலது பக்கம் நான் உக்காந்துக்கறேன். அந்தப் பக்கம் ஏதாவது வந்தா சொல்றேன்" என்றான். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று இவனை முதல் பெஞ்சுக்கு மாற்றியது நான்தான். அவன் அதை மறந்திருப்பான்.

உடுப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பளிச்சென்ற நிறம் கூடாதாம், பறவைகள் விலகிப்போகுமாம். பாசிப்பச்சை நிறத்தில் பழைய கைத்தறிப் புடவை ஒன்று இருக்கிறது, அதுதான். சுடிதார் போடச் சொல்லி மருமகள் சொன்னாள். புடவை கட்டிக்கொண்டே 36 வருஷம் பிள்ளைகளுக்குக் கபடி கோடு போட்டிருக்கிறேன், குளக்கரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாதா? காலுக்கு மட்டும் ஷூ. கரையில் முள் இருக்கிறது.

இரண்டு பேட்டரியும் சார்ஜ் ஏற்றியாயிற்று, மெமரி கார்டு காலி செய்தாயிற்று. நொய்யல் தண்ணீர் குளத்தில் பாதிக்கு மேல் நிற்கிறது. ஆட்டோக்காரரிடம் ஐந்தே முக்காலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீலத் தாழைக்கோழி வாய்த்தால் ஞாயிறு மாலை இங்கே போடுகிறேன், வாய்க்காவிட்டால் குருட்டுக் கொக்கைப் போடுகிறேன், அது எங்கேயும் போகாது. தங்கச்சி, தம்பி, எந்தத் தேதிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போனால் போன் பண்ணுவேன்.